குழுவாக எடுத்த குறும்படத்தை எடிட் செய்வது எப்படி: முதல்முறை உட்காருகிற மாணவருக்கு

மாணவர்கள் சேர்ந்து படம் எடுக்கும்போது கதை எழுத ஆள் இருக்கும், இயக்க இரண்டு பேர் இருப்பார்கள், கேமராவுக்குப் போட்டியே நடக்கும். எடிட்டிங் மட்டும் "உன்கிட்டதான் நல்ல லேப்டாப் இருக்கு, நீயே பண்ணிடு" என்று ஒருவரிடம் வந்து சேரும். அப்படி வந்து சேர்ந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் நண்பர்களின் படங்களை வெட்டித்தான் இந்த வேலைக்குள் வந்தேன். முதல் படத்தோடு வருகிற மாணவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் இப்போது என் வேலையில் ஒரு பகுதி. எங்கே நேரம் வீணாகிறது, எதற்காகக் குழு முட்டிக்கொள்கிறது, எந்த இடத்தில் படம் திடீரென்று உயிர் பிடிக்கிறது என்பதெல்லாம் ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

மென்பொருளில் எந்தப் பொத்தான் எதற்கு என்பதைச் சில நாட்களில் பழகிவிடலாம். அதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. குழுவில் எல்லோருக்கும் படப்பிடிப்பு நினைவிருக்கும். எந்த ஷாட்டுக்காக விடியற்காலையில் எழுந்தோம், எந்த டேக் முடிந்ததும் எல்லோரும் கைதட்டினோம், எங்கே மழை வந்து கெடுத்தது என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். படம் பார்க்கப் போகிறவருக்கு இதில் எதுவுமே தெரியாது. திரையில் இருப்பது மட்டும்தான் அவருக்குப் படம். எடிட்டர் அவர் பக்கம் நிற்க வேண்டும். கீழே சொல்லப்போகிற எல்லாமே, ஃபோல்டருக்குப் பெயர் வைப்பது உட்பட, அப்படி நிற்பதற்கான வழிகள்தான்.

அதனால் முடிந்தால் ஸ்பாட்டுக்குப் போகாதீர்கள். ஆள் குறைவு, நீங்களே மைக் பிடிக்க வேண்டும் என்றால் போய்த்தான் ஆக வேண்டும். அப்போது படப்பிடிப்பு முடிந்த கையோடு உட்காராமல், இரண்டு மூன்று நாள் விட்டு உட்காருங்கள். ஃபுட்டேஜ் கொஞ்சம் அந்நியமாகத் தெரிய வேண்டும்.

கேமரா ஓடுவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டியவை

எடிட்டரின் வேலை படப்பிடிப்புக்குப் பிறகுதான் என்று குழு நினைக்கும். முதல் நாளுக்கு முன்பே ஒருமுறை எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். பாதித் தலைவலி அங்கேயே போய்விடும்.

முதல் விஷயம், ஃபிரேம் ரேட், அதாவது ஒரு வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்கிற கணக்கு. எல்லாக் கருவிகளும் ஒரே எண்ணில் ஓட வேண்டும். 24 அல்லது 25, ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்கிறீர்கள் என்றால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைப்பது பாதுகாப்பு. விளக்கு மினுமினுப்பது படத்தில் விழாது. ஒரு கேமராவும் ஒரு ஃபோனும் கலந்து எடுப்பதாக இருந்தால் ஃபோனில் கவனம் தேவை. பல ஃபோன்கள் ஃபிரேம் ரேட்டை நிலையாக வைத்திருப்பதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். டைம்லைனில் (மென்பொருளில் கிளிப்களை வரிசையாக அடுக்குகிற பகுதி) போட்டால் முதல் நிமிடத்தில் உதடும் பேச்சும் சேர்ந்திருக்கும், நான்காவது நிமிடத்தில் விலகி நிற்கும். ஃபிரேம் ரேட்டைப் பூட்டி வைக்கிற கேமரா ஆப்பில் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்து முடித்துவிட்டார்கள் என்றால் ஹேண்ட்பிரேக் மாதிரி ஒரு இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு எடிட்டிங்கைத் தொடங்குங்கள்.

இரண்டாவது, சத்தம். தனி ரெக்கார்டர் இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸில் பதியட்டும். கேமராவின் மைக்கையும் அணைக்கக் கூடாது. அந்தப் பைலட் ஆடியோவை வைத்துத்தான் பிறகு ரெக்கார்டரின் சத்தத்தைப் படத்தோடு பொருத்துவீர்கள், அதாவது சிங்க் செய்வீர்கள். கிளாப் போர்டு இல்லையென்றால் கைதட்டல் போதும். கை சேருகிற ஃபிரேம் கேமராவில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 30 வினாடி அந்த அறையின் அமைதியைப் பதிந்து கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்பாட்டில் இதற்கு ஒருவருக்கும் பொறுமை இருக்காது. கெஞ்சியாவது வாங்குங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, ஆக்‌ஷன் சொல்வதற்கு முன் ஐந்து வினாடி, கட் சொன்ன பிறகு ஐந்து வினாடி கேமரா ஓடட்டும். வசனம் முடிந்த நொடியே கேமராவை நிறுத்துகிற பழக்கம் புதியவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது. எடிட்டருக்கு மூச்சு விடக்கூட இடம் இருக்காது.

ஃபுட்டேஜ் கைக்கு வந்ததும்

வெட்டுவதற்கு முன் நகல் எடுங்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் இடத்தில். இதுதான் எல்லோரும் பின்பற்றுகிற கணக்கு. உங்கள் லேப்டாப்பில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இன்னொருவர் வீட்டில் ஒன்று. நகலைத் திறந்து, சில கிளிப்களை ஓட்டிப் பார்த்த பிறகுதான் மெமரி கார்டை அழிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மாறி மாறிப் போகப் போகிறது என்றால் முதலிலேயே எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். பழைய ஃபேட்32 வடிவம் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஒரு நீளமான டேக் அதைத் தாண்டிவிடும்.

ஃபோல்டர்கள் எளிமையாக இருக்கட்டும்: நாள் வாரியாக வீடியோ, தனியாக ஆடியோ, இசை, கிராஃபிக்ஸ், புராஜெக்ட், எக்ஸ்போர்ட். புராஜெக்டுக்குள் கோப்புகளைக் கொண்டுவந்த பிறகு ஃபோல்டரின் பெயரையோ இடத்தையோ மாற்றாதீர்கள். மாற்றினால் டைம்லைன் முழுக்கச் சிவப்பாகி, கோப்பு காணவில்லை என்று நிற்கும். திரும்ப இணைத்துவிடலாம்தான், ஆனால் சமர்ப்பிக்கிற நாளில் அதைச் செய்து கொண்டிருக்க வேண்டாம்.

எந்த மென்பொருள்? டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு ஒரு மாணவர் படத்துக்குத் தாராளமாகப் போதும். எடிட்டிங், கலர், சவுண்ட் மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். பழைய கணினி என்றால் கேடென்லைவ், ஷாட்கட் மாதிரி இலகுவானவை இருக்கின்றன. கல்லூரி லேபில் பிரீமியர் இருந்தால் அதிலேயே செய்யுங்கள். எது என்பதைவிட, குழுவில் இரண்டு பேர் வேலை செய்வதாக இருந்தால் இருவரிடமும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்பது முக்கியம். புதிய பதிப்பில் சேமித்த புராஜெக்ட் பழையதில் திறக்காது. படம் முடிகிறவரை அப்டேட்டை அழுத்தாதீர்கள்.

4கே ஃபுட்டேஜ் லேக் அடித்தால் பொறுத்துக்கொண்டு வெட்ட வேண்டாம். பிராக்ஸி உருவாக்குங்கள். குறைந்த அளவிலான நகல்களை மென்பொருளே தயாரித்துக்கொள்ளும், எடிட்டிங் அவற்றில் நடக்கும், எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் கோப்புகளுக்கு மாறிவிடும். ஒரு ராத்திரி ஓடவிட்டால் காலையில் தயார். திக்கித் திக்கி ஓடுகிற ஷாட்டை வைத்து ஒரு காட்சியின் தாளத்தை யாராலும் கணிக்க முடியாது.

எல்லாவற்றையும் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள். இயக்குநர் "மூணாவது டேக் ஓகே" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார், எடிட்டர் அதை மட்டும் எடுத்துப் போட்டுவிடுவார். அப்படிச் செய்யாதீர்கள். ஸ்பாட்டில் ஓகே சொன்னதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். வெளிச்சம் போய்க்கொண்டிருந்திருக்கும், பசி வந்திருக்கும், முந்தைய இரண்டும் மோசமாக இருந்திருக்கும்.

மொத்த ஃபுட்டேஜையும் ஒருமுறை, வேகத்தைக் கூட்டாமல், கையில் பேனாவுடன் பாருங்கள். முதல்முறை பார்க்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்த இடம், சலித்த இடம், "இவர் பொய் சொல்கிறார்" என்று தோன்றிய இடம், எல்லாவற்றையும் உடனே எழுதுங்கள். பத்துமுறை பார்த்த பிறகு உங்களுக்கு எதுவுமே தோன்றாது; அன்று இந்தக் குறிப்புதான் காப்பாற்றும். குறிப்பு அழகாக இருக்க வேண்டியதில்லை. இந்த அளவு போதும்: "சீன் 4, ஷாட் 2, டேக் 3. 'நாளைக்கு' சொன்ன விதம் அருமை. அதுக்கு முன்னாடி 2 செகண்ட் மௌனம், பயன்படும். கடைசியில மைக் நிழல்."

ஆக்‌ஷனுக்கு முன்னும் கட்டுக்குப் பின்னும் இருக்கிற பகுதிகளையும் பாருங்கள். புதிய நடிகர்கள் கேமரா ஓடுகிறது என்ற நினைப்பு இல்லாதபோதுதான் இயல்பாக இருப்பார்கள். கட் சொன்னதும் ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே பார்ப்பார் பாருங்கள், அந்த ஒன்றரை வினாடி வேறொரு காட்சியில் பொன் போன்ற ரியாக்‌ஷன் ஷாட் ஆகலாம். இது ஏமாற்று வேலை ஆகாது. சினிமா தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் இயங்குகிறது. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரே நடிகரின் ஒரே முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்துக்குப் பக்கத்திலும் இன்னொருமுறை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்களுக்கு ஒன்றில் பசியும் மற்றொன்றில் துக்கமும் தெரிந்தன. முகம் மாறவே இல்லை. நூறு வருடத்துக்கு முந்தைய சோதனை அது, இன்றும் உங்கள் லேப்டாப்பில் அப்படியே வேலை செய்யும்.

பார்த்து முடித்ததும் ஆடியோவைச் சிங்க் செய்து, ஸ்கிரிப்ட் வரிசைப்படி எல்லாக் காட்சிகளையும் முழுசாக அடுக்குங்கள். நுணுக்கமாக ட்ரிம் செய்ய வேண்டாம், இசை வேண்டாம். பத்து நிமிடம் என்று எழுதிய படம் பதினைந்தைத் தாண்டி நிற்கும். அசிங்கமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். இதை இயக்குநரைத் தவிர யாருக்கும் காட்ட வேண்டாம். நடித்தவர்களுக்கு மட்டும் காட்டிவிடாதீர்கள், மனம் உடைந்துபோவார்கள்.

ஒரு காட்சியை எப்படி வெட்டுவது

இனி ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மாணவர் படங்களில் இந்த மாதிரி ஒன்று எப்படியும் இருக்கும். ஒரு மேசை, அண்ணன், தங்கை. தங்கை வீட்டை விட்டுப் போகிறாள். இருவரும் இருக்கிற வைடு ஷாட் ஒன்று, ஆளுக்கொரு க்ளோஸ்-அப், மேசையில் சாவி வைக்கிற இன்சர்ட். வசனம் இவ்வளவுதான்:

"எப்போ கிளம்புற?"
"நாளைக்கு."
"அப்போ முடிவு பண்ணிட்ட."
"சாவிய நீயே வச்சுக்கோண்ணா."
"ஏன், திரும்பி வரமாட்டியா?"

அதற்குப் பிறகு மௌனம்.

முதல்முறை வெட்டுகிற எவரும் வைடில் தொடங்கி, யார் பேசுகிறாரோ அவர் முகத்துக்கு மாறி மாறிப் போவார்கள். எனக்குக் காட்டப்படுகிற முதல் ரஃப் கட், அதாவது முதல்கட்ட வெட்டு, பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பிழை ஒன்றும் இல்லை, ஆனால் உயிரும் இல்லை. 55 வினாடி ஓடும், யாருக்கும் எதுவும் ஆகாது.

இப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: ஒவ்வொரு நொடியும் பார்ப்பவர் யாருடைய முகத்தைப் பார்க்க விரும்புவார்? "எப்போ கிளம்புற?" என்று அண்ணன் கேட்ட பிறகு, பதிலைச் சொல்கிற தங்கையைவிட, அந்தப் பதில் வந்து விழப்போகிற முகம்தான் முக்கியம். அதனால் வெட்டாதீர்கள். அண்ணன் முகத்திலேயே இருங்கள். தங்கையின் "நாளைக்கு" அவர் முகத்தின் மேல் கேட்கட்டும். அவர் கண் தாழ்ந்த பிறகு தங்கைக்குப் போங்கள். அவள் பேசி முடித்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். சத்தம் முதலில், படம் பிறகு வருகிற இதை ஜே கட் என்பார்கள். படம் மாறிய பிறகும் முந்தைய ஷாட்டின் சத்தம் தொடர்ந்தால் எல் கட். டைம்லைனில் கிளிப்கள் நிற்கிற வடிவத்தை வைத்து வந்த பெயர்கள். இந்த இரண்டைப் பழகினாலே உங்கள் வசனக் காட்சிகள் பாதி சரியாகிவிடும்.

அப்படிச் செய்ததும் இன்னொன்று தெரியும். கண் தாழ்ந்ததிலேயே "அப்போ முடிவு பண்ணிட்ட" என்பது வந்துவிட்டது. அந்த வரி தேவையில்லை, எடுத்துவிடுங்கள். எழுதியவர் வருத்தப்படுவார். அந்த வரியோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு வடிவத்தையும் அவருக்கு ஓட்டிக் காட்டுங்கள். வாயால் வாதாட வேண்டாம், திரையே பேசும்.

அடுத்தது சாவி. வைடு ஷாட்டில் தங்கையின் கை பையிலிருந்து மேசைக்கு வருகிறது. இன்சர்ட்டில் அதே கை, அருகில். கை புறப்படுவதற்கு முன்பும் வெட்டக் கூடாது, வைத்து முடித்த பிறகும் வெட்டக் கூடாது. அசைவுக்கு நடுவே வெட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு வைடில், மிச்சம் இன்சர்ட்டில். கண் கையைப் பின்தொடர்ந்து கொண்டிருப்பதால் வெட்டு தெரியாது. இன்சர்ட்டை இரண்டு மூன்று ஃபிரேம் முன்னாலிருந்தே தொடங்கிப் பாருங்கள், அதாவது அசைவு துளி திரும்ப வருகிற மாதிரி. கணக்குப்படி அது பிசகு. ஆனால் புது ஷாட்டுக்குக் கண் பழக அந்த அவகாசம் வேண்டியிருப்பதால், பல நேரம் அதுதான் வழுவழுப்பாகத் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமாகக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பாருங்கள். 24 ஃபிரேம் ஓடுகிற ஒரு வினாடியில் இரண்டு ஃபிரேம் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைப்பீர்கள். பார்த்தால் தெரியும்.

"சாவிய நீயே வச்சுக்கோண்ணா" சாவியின் மேலேயே கேட்கட்டும். அவள் விரல்கள் சாவியை விட்டு விலகுவதற்குள் அண்ணனின் முகத்துக்குப் போங்கள். "ஏன், திரும்பி வரமாட்டியா?" அவருடையது. பிறகு தங்கையின் மௌனம். இதை எவ்வளவு நேரம் வைப்பது? நான் செய்வது இது: ஷாட்டை ஓடவிட்டு, "இப்போ" என்று உள்ளுக்குள் தோன்றுகிற நொடியில் கீயைத் தட்டிக் குறியிடுவேன். குறியைப் பார்க்காமல் திரும்ப ஓட்டித் திரும்பத் தட்டுவேன். இரண்டும் ஓரிரு ஃபிரேமுக்குள் விழுந்தால் அந்த இடம் சரி. எங்கெங்கோ விழுந்தால் அந்த ஷாட்டே சரியில்லை, வேறு டேக் தேட வேண்டும்.

இப்போது காட்சி 40 வினாடிக்குள் வந்திருக்கும். குறைத்தது வேகத்துக்காக அல்ல என்பதைக் கவனியுங்கள். மௌனத்தை முன்பைவிட நீளமாகவே வைத்திருக்கிறோம்.

நடுவில் ஒரு பிரச்சினை வரும். தங்கையின் நல்ல டேக்கில் பை வலது தோளில் இருக்கும், வைடில் இடது தோளில். கண்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிறவர் அலறுவார். எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு வெட்டை எடை போட ஆறு அளவுகோல்கள் சொல்லி, அவற்றுக்கு மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்கிற இடத் தொடர்ச்சிக்கு வெறும் 4. நானும் அந்தப் பக்கம்தான். நடிப்பு நன்றாக இருக்கிற டேக்கை எடுங்கள், பையை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்க்கிறார்கள் என்றால் காட்சி அவர்களைப் பிடித்து வைக்கவில்லை என்று அர்த்தம், அதைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் பார்வைத் திசை வேறு விஷயம். இருவரும் ஒரே பக்கம் பார்ப்பது மாதிரி க்ளோஸ்-அப்கள் எடுக்கப்பட்டிருந்தால், கேமரா 180 டிகிரிக் கோட்டை, அதாவது இருவரையும் இணைக்கிற கற்பனைக் கோட்டைத் தாண்டிவிட்டது என்று பொருள். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் குழப்பம் வரும். அந்த இரண்டையும் நேராக ஒட்டாமல், நடுவில் வைடையோ சாவியையோ வைத்துத் தப்பிக்கலாம்.

சத்தம்

மங்கலான ஷாட்டை மன்னிப்பார்கள். வசனம் புரியாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். ஆனாலும் மாணவர் படங்களில் சத்தத்துக்குக் கடைசி ராத்திரி மட்டுமே கிடைக்கிறது. தயவுசெய்து மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

மேலே சொன்ன காட்சியையே ஹெட்ஃபோனில் கேளுங்கள். அண்ணனின் ஷாட்டில் ஃபேன் சத்தம், தங்கையின் ஷாட்டில் அது இல்லை. ஒவ்வொரு வெட்டிலும் ஃபேன் வந்து வந்து போகும். படத்தில் வெட்டை மறைத்தீர்கள், சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். கெஞ்சி வாங்கிய 30 வினாடி அமைதி இதற்குத்தான். அதைத் தனி டிராக்கில் காட்சி முழுக்க அடியில் ஓடவிடுங்கள். எந்த வசனத்தை நீக்கினீர்களோ அங்கே ஓட்டை தெரியாது. ஒவ்வொரு ஆடியோ வெட்டிலும் இரண்டு ஃபிரேம் அளவுக்குச் சின்னக் கிராஸ்ஃபேட் (ஒரு சத்தம் தேய, அடுத்தது எழுவது) கொடுங்கள், டிக் டிக் என்ற ஒலி போய்விடும். வசனத்தில் சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஃபில்டர் போட்டு வெட்டினால் வண்டி, ஃபேனின் உறுமல் குறையும். வசனத்தின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் இருக்கட்டும். நாய்ஸ் ரிடக்‌ஷனை அளவோடு போடுங்கள். கூடினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஆகிவிடும், இரைச்சலே பரவாயில்லை என்று தோன்றும்.

சாவி மேசையில் படுகிற ஒலி ஸ்பாட்டில் சரியாகப் பதிந்திருக்காது. அதே மாதிரி ஒரு சாவி, ஒரு மர மேசை, ஃபோனை ஒரு சாண் தூரத்தில் வைத்து நீங்களே பதிந்துகொள்ளுங்கள். வைக்கிற விதத்தை மாற்றி மாற்றிப் பதியுங்கள். கோபமாக வைக்கிற சத்தமும் தயங்கி வைக்கிற சத்தமும் வேறு வேறு. எது இந்தத் தங்கையுடையது என்று தேர்ந்தெடுப்பது எடிட்டரின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இசையைக் கடைசியில் போடுங்கள். பாட்டில்லாமல் நிற்காத காட்சி பாட்டோடும் நிற்காது, நிற்பது மாதிரி உங்களை நம்பவைக்கும். பெயர்பெற்ற படத்தின் பின்னணி இசையைத் தற்காலிகமாகப் போட்டு வெட்டுகிற பழக்கம் இன்னும் ஆபத்து. குழு அதற்குப் பழகிவிடும், பிறகு நண்பர் போட்டுத் தருகிற ஆர்.ஆர் (பின்னணி இசை) எதுவும் பிடிக்காது. விழாக்களுக்கு அனுப்பும்போது உரிமையும் கேட்பார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவச இசை நிறையக் கிடைக்கிறது, ஆனால் உரிமத்தைப் படித்துவிட்டு எடுங்கள். மாற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனை உள்ள இசையைப் படத்தில் பயன்படுத்த முடியாது. நகரும் படத்தோடு இசையைச் சேர்ப்பதையே அந்த உரிமம் மாற்றம் என்று கணக்கில் எடுக்கிறது. பெயர் குறிப்பிட வேண்டும் என்று இருந்தால் டைட்டிலில் போடுங்கள்.

குழுவோடு

குழுவில் எல்லோருக்கும் கருத்து இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் கடைசி முடிவு யாருடையது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். என்னைக் கேட்டால் இயக்குநர் ஒருவருடையது. ஐந்து பேர் ஓட்டுப் போட்டு எடிட் செய்த படம் ஐந்து பேர் படமாகத்தான் இருக்கும்.

எல்லோரும் தோளுக்குப் பின்னால் நின்று "கொஞ்சம் பின்னாடி போ, இங்க கட் பண்ணு" என்று சொல்ல அனுமதிக்காதீர்கள். டைம்கோடு, அதாவது ஓடுகிற நேரம், திரையில் தெரிகிற மாதிரி ஒரு காப்பி எக்ஸ்போர்ட் செய்து அனுப்புங்கள். ஒவ்வொருவரும் முழுசாக ஒருமுறை பார்த்துவிட்டு, நேரத்தைக் குறித்து எழுதி அனுப்பட்டும். என்ன செய்ய வேண்டும் என்று எழுதச் சொல்லாதீர்கள், என்ன தோன்றியது என்று எழுதச் சொல்லுங்கள். "4:20-ல் ஸ்லோ மோஷன் போடு" என்பதைவிட "4:20-ல் அவளுக்கு என்ன ஆச்சுன்னு புரியல" என்பது உங்களுக்குப் பயன்படும். மூன்று பேர் ஆறாவது நிமிடத்தில் சலித்தது என்றால், பிரச்சினை பெரும்பாலும் ஆறில் இருக்காது, நான்கிலோ ஐந்திலோ இருக்கும். அங்கே எதையோ இரண்டாவது முறை சொல்லியிருப்பீர்கள்.

காப்பிகளுக்குத் தேதியும் எண்ணும் போட்டுப் பெயர் வையுங்கள்: சாவி_கட்05_மார்ச்12. "ஃபைனல்" என்ற வார்த்தையைக் கோப்பின் பெயரில் போடவே வேண்டாம். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கு முன்பும் டைம்லைனை டூப்ளிகேட் செய்துவிட்டு அந்த நகலில் வேலை செய்யுங்கள். பழையதுதான் நன்றாக இருந்தது என்று இயக்குநர் சொல்கிற நாள் வரும்.

இனி அந்தச் சூரிய உதய ஷாட். ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒன்று இருக்கும். ஒளிப்பதிவாளர் விடியலில் போய் நின்று எடுத்தது, உண்மையிலேயே அழகானது, படத்துக்குள் எங்கே வைத்தாலும் கதை நின்றுவிடும். அவருக்காக வைத்துவிடலாம் என்று தோன்றும், நட்பு அப்படிச் சொல்லும். வைக்காதீர்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஷாட் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொல்லி, படத்தை அது இல்லாமல் ஒருமுறை முழுசாக ஓட்டிக் காட்டுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். டைட்டில் பின்னணிக்கோ போஸ்டருக்கோ அதைப் பயன்படுத்தலாம். அவருடைய ஷோ ரீலுக்கு அசல் கோப்பைத் தனியாக எடுத்துக் கொடுங்கள்.

ரஃப் கட் ஓரளவு நின்றதும், படத்தில் வேலை செய்யாத நான்கைந்து பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். முன்னுரை எதுவும் வேண்டாம். "இன்னும் சவுண்ட் முடியல" என்றுகூடச் சொல்லாதீர்கள். ஓடும்போது திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். உடம்பு அசைகிற இடம், ஃபோனைத் தொடுகிற இடம், சட்டென்று அசையாமல் உட்காருகிற இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "அவ ஏன் சாவிய குடுத்தா?" என்று கேளுங்கள். பதில் ஸ்கிரிப்டில் இருப்பதோடு ஒத்துப்போனால் காட்சி வேலை செய்கிறது. ஒத்துப்போகாவிட்டால் விளக்கம் சொல்லாதீர்கள். திரும்பப் போய் வெட்டுங்கள், அல்லது விட்டுப்போனதை நிரப்ப ஒரு பேட்ச் ஷாட் எடுக்க இன்னும் நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

லாக் செய்து வெளியே எடுப்பது

இயக்குநர் சம்மதித்ததும் பிக்சர் லாக். அதற்குப் பிறகு ஒரு ஃபிரேம்கூட நகரக் கூடாது. இசை போடுகிறவரும் கலர் செய்கிறவரும் அந்த நீளத்தை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். நடுவில் அரை வினாடி நீக்கினால் எல்லோர் வேலையும் சரியும்.

நிறத்தைச் சரிசெய்வதை டி.ஐ என்று பெரிதாக யோசிக்க வேண்டாம். முதலில் ஒரே காட்சியில் உள்ள ஷாட்கள் ஒன்றோடொன்று பொருந்தட்டும்: வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ், முகத்தின் நிறம். திரையை மட்டும் நம்பாமல், வெளிச்சத்தையும் நிறத்தையும் வரைபடமாகக் காட்டுகிற ஸ்கோப்களையும் பாருங்கள், லேப்டாப் திரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். பிறகு நேரம் இருந்தால் படத்துக்கான நிறத்தைப் பற்றி யோசிக்கலாம்.

டைட்டிலில் தமிழ் எழுத்து உடைகிறதா என்று பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நின்றால் மென்பொருளின் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வேறொரு மென்பொருளில் டைட்டிலைப் படமாகச் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாகக் கொண்டுவாருங்கள். யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள், இல்லாவிட்டால் வேறு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். பெயர்ப் பட்டியலை அவரவரிடமே காட்டி எழுத்துப்பிழை பாருங்கள். உதவிக்கு வந்த ஒருவரின் பெயர் விட்டுப்போவதைப் போல நட்பைக் கெடுப்பது வேறில்லை.

எக்ஸ்போர்ட்: எச்.264, எம்பி4, 1920க்கு 1080, எந்த ஃபிரேம் ரேட்டில் வெட்டினீர்களோ அதே ஃபிரேம் ரேட். பிட் ரேட் வினாடிக்கு 16 மெகாபிட் வைத்தால் பத்து நிமிடப் படம் சுமார் 1.2 ஜிபி வரும். அளவுக்கு வரம்பு சொல்லியிருந்தால் இந்தக் கணக்கை வைத்தே இறக்கிக்கொள்ளலாம்: மெகாபிட்டை வினாடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் மெகாபைட். இதைத் தவிர ஒரு உயர்தர மாஸ்டர் கோப்பும் எடுத்து வையுங்கள், புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர்.

எக்ஸ்போர்ட் ஆன கோப்பை முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை, வேகமாக ஓட்டாமல் தாவாமல், வேறொரு கணினியில் பாருங்கள். டைம்லைனில் சரியாக ஓடியது கோப்பில் ஒரு கறுப்பு ஃபிரேமோடு வந்திருக்கலாம், ஒரு டிராக் மியூட்டில் இருந்திருக்கலாம். முடிந்தால் திரையிடப்போகிற அறையிலேயே, அந்த புரொஜெக்டரிலும் ஸ்பீக்கரிலும், முதல் இரண்டு நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். இருட்டுக் காட்சிகள் புரொஜெக்டரில் இன்னும் இருட்டாகும், கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும்.

சமர்ப்பித்த பிறகு புராஜெக்டை ஆர்க்கைவ் செய்யுங்கள். டாவின்சியில் புராஜெக்ட் ஆர்க்கைவ், பிரீமியரில் புராஜெக்ட் மேனேஜர் என்று இருக்கும். பயன்படுத்திய கோப்புகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் சேர்ந்துவிடும். அதில் ஒரு நகலை இயக்குநரிடமும் கொடுத்து வையுங்கள். விழாவுக்கு அனுப்பும்போது சப்டைட்டில் இல்லாத காப்பி கேட்பார்கள், ஐந்து நிமிடத்துக்குள் அடக்கச் சொல்லிக் கேட்பார்கள், அப்போது இது வேண்டும்.